ஆயிரம் கூட்டல் ஐம்பது பெருக்கல் நான்கு

கணக்கில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. மர்பி டவுனில் நான் படித்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டல், கழித்தல், பெருக்கல், அடைப்புக்குறி எல்லாம் ஒரே வரியில் கலந்து வரும் கணக்கை எழுதிவிட்டு டீச்சர் திரும்புவதற்குள் விடையைச் சொல்லிவிடுவேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இடமிருந்து வலமாக, வந்த வரிசையிலேயே போட்டுக்கொண்டு போவாள். எனக்குச் சிரிப்பு வரும். முதலில் அடைப்புக்குறிக்குள் இருப்பது, பிறகு பெருக்கலும் வகுத்தலும், கடைசியில்தான் கூட்டலும் கழித்தலும். கூட்டல் முன்னால் வந்து நின்றாலும் பெருக்கலுக்கு வழிவிட்டுத்தான் ஆகவேண்டும். இதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. புரியாதவர்கள்மேல் பொறுமையும் இருந்ததில்லை.

இந்தத் திமிரோடுதான் நர்ஸிங் படித்தேன், இதே திமிரோடுதான் பிரேசர் டவுனில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் வேலைக்கும் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. மாடியில் குழந்தைகள் வார்டு, எட்டுக் கட்டில்கள். மழைக்காலம் வந்தால் எட்டும் நிரம்பிவிடும். வாந்தி, பேதி, காய்ச்சல். முக்கால்வாசிக் குழந்தைகளின் கையில் ஊசி குத்தி, மட்டை வைத்துக் கட்டி, சலைன் ஏறிக்கொண்டிருக்கும்.

குழந்தைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சலைன் ஏற்றவேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. முதல் பத்துக் கிலோ எடைக்கு ஆயிரம் மில்லி. அதற்குமேல் இருக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஐம்பது மில்லி. வருகிற தொகையை இருபத்துநாலால் வகுத்தால் மணிக்கு எவ்வளவு என்று தெரியும். டாக்டர் கேஸ் ஷீட்டில் சலைனின் பெயரை எழுதிவிட்டு, பக்கத்தில் இந்த அன்றாட அளவைக் குறிக்க 'மெயின்டனன்ஸ்' என்று ஒரே சொல்லைக் கிறுக்கிவிட்டுப் போய்விடுவார். மணிக்கு எவ்வளவு என்று போடுவது எங்கள் வேலை.

புதிதாக வரும் பெண்கள் இதில் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, நானே ஒரு அட்டை எழுதி நர்ஸ் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டினேன். எந்தச் சாவியை எந்த வரிசையில் அழுத்தவேண்டும் என்பது அதில் இருந்தது. ஆயிரம், கூட்டல், ஐம்பது, பெருக்கல், பத்துக்கு மேற்பட்ட கிலோ, சமம். பிறகு வகுத்தல், இருபத்துநாலு, சமம். மேஜைமேல் எப்போதும் வார்டு டாக்டரின் கால்குலேட்டர் கிடக்கும். இன்ஜினியரிங் படிப்பவர்கள் வைத்திருப்பார்களே, ஏகப்பட்ட பொத்தான்களோடு, அந்த மாதிரி. அட்டையில் உள்ளபடி அதில் அழுத்தினால் சரியான விடை வரும். கூட்டலை நிறுத்திவைத்துவிட்டுப் பெருக்கலை முதலில் முடிக்க அதற்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது அதற்கும் தெரிந்திருந்ததால், அதைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது.

எங்கள் வார்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒருத்தி அட்டையைப் பார்த்துப் படிக்க, இன்னொருத்தி அழுத்துவாள். பிறகு இடம் மாறி, அவள் படிக்க இவள் அழுத்துவாள். இரண்டு தடவையும் ஒரே விடை வந்தால், கட்டிலின் காலடியில் தொங்கும் டிரிப் சார்ட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். இப்படிச் செய்தால் தப்பு வரவே வராது என்று நான்தான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அன்றைக்கு எனக்கு மதியம் இரண்டு மணி டூட்டி. கூட இருந்தவள் கோலார் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வீட்டில் கன்னடம், வாய் திறந்தால் தமிழும் கன்னடமும் சரிபாதி. நான் கத்துவேன் என்று பயப்படுவாள், ஆனாலும் என் பின்னாலேயே சுற்றுவாள்.

மூன்றாவது கட்டிலில் மூன்றரை வயதுப் பெண் குழந்தை. முந்தின ராத்திரி முழுக்கப் பேதியாகி, காலையில் கண் உள்ளே போய், நாக்கு வறண்டு, துவண்டு வந்து சேர்ந்திருந்தாள். அம்மா ஒரு ஆபீஸில் பெருக்கித் துடைக்கிறவள். வீடு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில். அப்பா பெயின்ட் வேலை, சைட்டுக்கு ஊரைத் தாண்டிப் போயிருந்தார். காலையில் குழந்தைக்கு இழந்த தண்ணீரையெல்லாம் ஈடுகட்ட சலைனைத் தாரையாகவே விட்டிருந்தார்கள். நான் டூட்டிக்கு வந்தபோது குழந்தை கண் விழித்திருந்தது, பிஸ்கட் கேட்டது. அம்மாவின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓட ஆரம்பித்திருந்தது.

டாக்டர் மதியம் பார்த்துவிட்டு மெயின்டனன்ஸ் எழுதிப் போயிருந்தார். அவர் ஹூப்ளிக்காரர், நாலைந்து வருடமாக எங்களோடு பழகியதில் ஒரு மாதிரித் தமிழ் பேசுவார். போகும்போது அந்த அம்மாவிடம், "இனி பயம் இல்லம்மா. மெதுவா ஏறும். இப்ப வெக்கிற பாட்டில் ராத்திரி நீங்க தூங்கற வரைக்கும் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். இது எனக்கு அப்போது தெரியாது.

குழந்தையின் எடை பதினாலு கிலோ. நான் மேஜைக்கு வந்தேன். டாக்டரின் கால்குலேட்டரைக் காணோம்.

"டாக்டரோட தம்பிக்கு இன்னிக்கு எக்ஸாமாம் அக்கா, எடுத்துட்டு ஹோகிபிட்டான்" என்றாள் கோலார்ப் பெண். "நான் கீழ மெடிக்கல்ஸ்ல கேட்டு ஒண்ணு வாங்கி வந்தேன்."

பெரிய பெரிய பொத்தான்களோடு, கடையில் பில் போடுகிற கால்குலேட்டர். எனக்குப் புதுச் சாமான் எதன் மேலும் சட்டென்று நம்பிக்கை வராது. சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுவேன். அந்த நேரத்தில் ஆறாவது கட்டில் குழந்தைக்கும் கணக்குப் போடவேண்டியிருந்தது, அதன் எடை பதினோரு கிலோ. மனக்கணக்கிலேயே சொல்லிவிடலாம்: ஆயிரத்து ஐம்பது. கால்குலேட்டரில் அட்டைப்படி அழுத்தினேன். ஆயிரம், கூட்டல், ஐம்பது, பெருக்கல், ஒன்று, சமம். ஆயிரத்து ஐம்பது என்று காட்டியது. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

"சரியா இருக்கு. இதுலயே போடலாம்" என்றேன்.

ஒன்றால் பெருக்கினால் எதை முதலில் செய்தாலும் விடை ஒன்றுதான் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் உலகத்திலுள்ள எடைகளிலெல்லாம் அந்தப் பதினோரு கிலோவை வைத்துத்தான் நான் அதைச் சோதித்தேன்.

பிறகு மூன்றாவது கட்டில். அவள் படித்தாள், நான் அழுத்தினேன். ஆயிரம், கூட்டல், ஐம்பது, பெருக்கல், நாலு, சமம். வகுத்தல், இருபத்துநாலு, சமம். நூற்று எழுபத்தைந்து. இடம் மாறினோம். நான் படித்தேன், அவள் அழுத்தினாள். நூற்று எழுபத்தைந்து. இரண்டு தடவையும் நடுவில் ஒரு பெரிய எண் வந்து போயிருக்கும். நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. கடைசி எண்ணைத்தான் பார்த்தோம். மணிக்கு நூற்று எழுபத்தைந்து மில்லி என்று சார்ட்டில் எழுதி நான் கையெழுத்துப் போட்டேன், எனக்குக் கீழே அவள் போட்டாள்.

அந்த எண் எனக்கு உறுத்தவில்லையா என்று பின்னாளில் பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். உறுத்தவில்லை. காலையில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக ஓடியிருந்தது. அதைக் குறைத்துத்தானே வைக்கிறோம் என்ற நினைப்பில், புது அரை லிட்டர் பாட்டிலை மாட்டி, குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருகி, வாட்சைப் பார்த்து, நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டுச் சொட்டு எண்ணி நிறுத்தினேன். நாலைந்து கட்டில் தள்ளியிருந்து பார்த்தால் நிதானமாகத்தான் சொட்டியது.

ஐந்து மணி வாக்கில் அந்த அம்மா மேஜைக்கு வந்து நின்றாள்.

"சிஸ்டர், பாட்டில் காலியாவப் போவுது."

"அதுக்கென்னமா, வேற மாத்தறேன். போ, வரேன்."

அவள் போகவில்லை. "இல்ல சிஸ்டர், டாக்டர் ராத்திரி வரைக்கும் வரும்னு சொன்னாரு. இப்பவே முடிஞ்சிடுச்சே. ஜாஸ்தி வேகமா ஓடுதோன்னு..."

அப்போது ஒரு குழந்தைக்கு ஊசி போட மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். இன்னொரு குழந்தை வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. நான் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"ஏம்மா, நாங்க இன்னா கண்ண மூடிக்கினா வெக்கிறோம்? ரெண்டு பேர் கணக்குப் போட்டு, கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கோம். உனக்குத் தெரிஞ்சா நீ போடு."

அவள் முகம் சுண்டிப்போனது என்று கோலார்ப் பெண் பிற்பாடு சொன்னாள். நான் பார்க்கவில்லை. போய் இரண்டாவது பாட்டிலை மாட்டினேன். சக்கரத்தைத் தொடவே இல்லை, சொட்டு சரியாக ஐம்பத்தெட்டு விழுந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நல்லது, தூங்கட்டும் என்று நினைத்தேன். பிஸ்கட் கேட்ட குழந்தை ஏன் இந்த நேரத்தில் தூங்குகிறது என்று நினைக்கவில்லை.

ஆறரைக்கு நான் காய்ச்சல் பார்க்கப் போனேன். முதல் கட்டில், இரண்டாவது கட்டில், மூன்றாவது. தெர்மாமீட்டரை வைக்கக் கையைத் தூக்கினபோது குழந்தையின் கை கனத்தது. முகத்தைப் பார்த்தேன். கண் இமைகள் இரண்டும் வீங்கி, கண் கோடாகிப் போயிருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் விரிந்து விரிந்து சுருங்கியது. மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல். பெயரைச் சொல்லிக் கன்னத்தைத் தட்டினேன். குழந்தை முனகியது, கண்ணைத் திறக்கவில்லை.

சக்கரத்தைத் திருகி டிரிப்பை நிறுத்தினேன். கோலார்ப் பெண்ணிடம் டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். அவள் செருப்பைக்கூட மாட்டாமல் படியில் ஓடினாள்.

டாக்டர் வந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். முதுகுப் பக்கம் கேட்டார், மறுபடி முன்பக்கம் கேட்டார். தலையைத் தூக்கி பாட்டிலைப் பார்த்தார். பாதிக்கு வந்திருந்தது.

"இது ரெண்டாவதா?"

"ஆமா டாக்டர்."

"எப்படி ரெண்டாவது? மணிக்கு ஐம்பதுதானே போகணும் இந்தக் குழந்தைக்கு?"

ஐம்பது என்று அவர் சொன்னதும் என் மூளையில் கணக்குத் தானாக ஓடியது. பதினாலில் பத்து போக நாலு. நாலு ஐம்பது இருநூறு. ஆயிரத்து இருநூறு. இருபத்துநாலால் வகுத்தால் ஐம்பது. பேப்பர் வேண்டாம், மெஷின் வேண்டாம், பள்ளிக்கூடத்தில் டீச்சர் திரும்புவதற்குள் சொல்லக்கூடிய கணக்கு. அந்தக் கால்குலேட்டர் ஆயிரத்தையும் ஐம்பதையும் முதலில் கூட்டிவிட்டு, அந்த மொத்தத்தை நாலால் பெருக்கியிருக்கிறது. என் பக்கத்தில் உட்கார்ந்து, வந்த வரிசையிலேயே போட்டுக்கொண்டு போவாளே, அவளைப் போல. இரண்டு பேர் சரிபார்த்தோம் என்றால் ஒரே தப்பை இரண்டு தடவை செய்தோம், அவ்வளவுதான்.

 

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. ஆக்சிஜன் கேட்டார், சிறுநீர் போக ஊசி எழுதினார், ரத்தம் எடுத்து உடனே லேபுக்கு அனுப்பச் சொன்னார். கை வேலை செய்யும்போதே அவர் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்து, "இது லூஸ் ஆகியிருக்கும்" என்றார். அது நடக்கிற காரியம்தான். குழந்தை புரளும், இழுக்கும், யாராவது கை வைப்பார்கள், சக்கரம் நழுவி சலைன் கொட்டிவிடும். வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்ப்போம். அவர் அந்த அம்மாவிடம் திரும்பினார்.

"நீங்க இந்த வீலைத் தொட்டீங்களா அம்மா?"

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். முந்தானையை வாயில் அழுத்தியிருந்தாள். டாக்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள்.

"துணி மாத்தறதுக்கு தூக்கினேன் சார். அப்ப... அப்ப கை பட்டுடுச்சோ இன்னாவோ. தெரியலயே சார். பட்டிருக்கும் சார்."

நான் அங்கேதான் நின்றிருந்தேன். இரண்டு அடி தூரம். சார்ட் கட்டிலின் காலடியில் தொங்கியது, அதில் என் கையெழுத்தில் நூற்று எழுபத்தைந்து. ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. இப்போது குழந்தையைப் பார்க்கிற நேரம், பேசுகிற நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி பயம்.

ஊசி போட்டேன். கை நடுங்காமல் போட்டேன், அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இனிச் செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான்: குழந்தை சிறுநீர் கழிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது. உடம்பில் ஏறின அதிகத் தண்ணீர் வெளியே வந்தால் நுரையீரல் லேசாகும், மூளையின் வீக்கம் குறையும். வராவிட்டால் வலிப்பு வரலாம். அதற்குமேல் என்ன வரலாம் என்பதும் எனக்குத் தெரியும். டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்ஸுக்குச் சொல்லி வைத்தார்.

பத்து நிமிடம் ஆனது. குழந்தையின் அடியில் போட்டிருந்த துணியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மூச்சு அறுபதைத் தாண்டி ஓடியது. கோலார்ப் பெண் எதிர்ப்பக்கம் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் சார்ட்டின் மேலேயே இருந்தது. பிறகு மெல்ல என்னைப் பார்த்து, "ஏனாய்த்து அக்கா?" என்றாள். என்ன ஆச்சு என்று கேட்கிறாள். அவளுக்கும் கணக்குத் தெரியும், அவளும் மனசில் போட்டுப் பார்த்துவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

அந்த நேரத்தில் என் மனம் போன போக்கைச் சொல்லிவிடுகிறேன். நூற்று எழுபத்தைந்தில் முதலில் இருக்கும் ஒன்றை அடித்துவிட்டால் எழுபத்தைந்து. எழுபத்தைந்து என்றால் சின்னத் தப்பு, யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள். மீதியைச் சக்கரத்தின் தலையில் போட்டுவிடலாம். சட்டைப்பையில் பேனா இருந்தது. நான் பேனாவைத் தொட்டேன். எடுக்கவில்லை, ஆனால் தொட்டேன்.

கால்மணி நேரம் ஆனது. துணி காய்ந்தேதான் இருந்தது. அந்த அம்மா கட்டிலிலிருந்து தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தாள். தன்னுடைய இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், துணி ஈரமானது. முதலில் உள்ளங்கை அளவு. பிறகு மளமளவென்று. வேறு துணி போட்டேன், அதுவும் நனைந்தது. மூன்றாவது துணி மாற்றும்போது குழந்தை கையை உதறிக்கொண்டு அழுதது. குழந்தை அழுவதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். எட்டு மணிக்கெல்லாம் மூச்சு நாற்பதுக்கு வந்துவிட்டது. டாக்டர் ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவர் அறைக்குச் சார்ட்டோடு போனேன். பின்னாலேயே கோலார்ப் பெண்ணும் வந்தாள். நான் வரச் சொல்லவில்லை.

"டாக்டர், வீல் லூஸ் ஆகல. நான்தான் நூற்று எழுபத்தஞ்சு வெச்சேன்."

அவருக்குப் புரியவில்லை. அந்த மெடிக்கல்ஸ் கால்குலேட்டரை மேஜைமேல் வைத்தேன். அவருடையதைத் தம்பி அதற்குள் கொண்டுவந்து கொடுத்திருந்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அட்டையில் இருந்தபடி நான் சொல்லச் சொல்ல அவரே அழுத்தினார். அதே சாவிகள், அதே வரிசை. ஒன்றில் ஆயிரத்து இருநூறு வந்தது, இன்னொன்றில் நாலாயிரத்து இருநூறு. இன்னொரு தடவை அழுத்தினார். அதேதான். அவருக்கு வேர்த்துவிட்டது.

"மெயின்டனன்ஸ்னு எழுதினதோட நானும் விட்டுட்டேன். எவ்வளவுன்னு நான் எழுதியிருக்கணும்" என்றார். பிறகு, "குழந்தை பிழைச்சிருச்சு. அந்த அம்மாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லவேண்டாம். வெளிய போய்ட்டா நர்ஸிங் ஹோமையே மூடணும். உங்க ரெண்டு பேர் வேலையும் போகும்" என்றார். அவர் கெட்டவரில்லை. பயந்திருந்தார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கே சுவரிலிருந்த அட்டையைக் கிழித்துப் போட்டேன். மறுநாளிலிருந்து கணக்கைப் பேப்பரில் படிப்படியாகப் போட்டு, இரண்டாவது ஆள் முதல் ஆளின் பேப்பரைப் பார்க்காமல் தனியாகப் போடவேண்டும் என்று வைத்தோம்.

அதோடு தீர்ந்தது என்று நினைத்திருந்தேன்.

குழந்தை இன்னும் மூன்று நாள் வார்டில் இருந்தது. மறுநாளே எழுந்து உட்கார்ந்துவிட்டது. அதன் அம்மாதான் மாறிப்போயிருந்தாள். குழந்தையைத் தூக்கவே மாட்டேன் என்கிறாள். பாத்ரூம் போகவேண்டும் என்று குழந்தை கேட்டால் எங்களைக் கூப்பிடுவாள். சோறு ஊட்ட எட்ட உட்கார்ந்து கையை மட்டும் நீட்டுவாள். குழந்தை அம்மா அம்மா என்று கையை விரித்துக்கொண்டு அழும், அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள்.

"தூக்கேம்மா, அழுவுது பாரு" என்றேன் இரண்டாம் நாள்.

"வேணாம் சிஸ்டர். என் கை சரியில்ல."

மூன்றாம் நாள் காலையில் அப்பா வந்திருந்தார். என்ன நடந்தது என்று அவர் கேட்க, அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "என் கை பட்டு மருந்து ஜாஸ்தி ஏறிடுச்சு" என்று சொன்னாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். நான் மருந்துத் தட்டோடு அடுத்த கட்டிலில் நின்றிருந்தேன்.

டாக்டர் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. எங்கள் வீட்டில் என் சம்பளத்தை நம்பி யார் யார் இருந்தார்கள் என்பதும், கோலார்ப் பெண்ணின் கையெழுத்து என் கையெழுத்துக்குக் கீழே இருப்பதும் ஞாபகம் இருந்தது. ராத்திரியெல்லாம் இதையேதான் முன்னும் பின்னுமாகப் போட்டுப் பார்த்திருந்தேன். எதை முதலில் வைத்தாலும் அந்த அம்மா கடைசியில்தான் வந்தாள். அது சரியில்லை.

நாலாம் நாள் காலை, டிஸ்சார்ஜ் எழுதியாகிவிட்டது. அப்பா ஆட்டோ பிடிக்கப் போயிருந்தார். அவள் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், குழந்தை கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. கோலார்ப் பெண்ணிடம் முன்னாலேயே கேட்டுவிட்டேன். "நீ சொல்லு அக்கா, பர்வாயில்ல" என்றாள். அவளும் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"உன் கை படலம்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள்.

"அந்த வீல்ல உன் கை படவே இல்ல. நான் கணக்குத் தப்பாப் போட்டேன். அம்பது வெக்கறதுக்கு நூத்தி எழுபத்தஞ்சு வெச்சேன். நீ வந்து சொன்னப்பவும் பாக்காம, உன்னத் திட்டிட்டு, இன்னொரு பாட்டில் மாட்டினேன். எல்லாம் நான் பண்ணது."

திட்டுவாள் என்று நினைத்தேன். கத்தி ஊரைக் கூட்டுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அவள் அப்படியே நின்றாள். கையில் குழந்தையின் கவுன் ஒன்று பாதி மடித்தபடி இருந்தது.

"நல்லாத் தெரியுமா சிஸ்டர்?"

"நல்லாத் தெரியும்."

"நான் தூக்கினப்ப கை படலயா?"

"படல. பட்டிருந்தா சொட்டு மாறியிருக்கும். நான் ரெண்டாவது பாட்டில் போட்டப்ப எண்ணிப் பாத்தேன். நான் வெச்ச மாதிரியேதான் இருந்துச்சு."

அவள் கவுனைக் கீழே போட்டாள். என்னைத் தாண்டிப் போய்க் குழந்தையை இரண்டு கையாலும் வாரித் தூக்கினாள். குழந்தைக்கு மூச்சுத் திணறும்படி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். கீழே ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது, அவள் நகரவில்லை. குழந்தையின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். பையை எடுத்துக் கொடுக்கலாம் என்று பக்கத்தில் போனபோதுதான் எனக்குக் கேட்டது.

"அம்மா பண்லடி கண்ணு. அம்மா பண்ல."